கழுத்தில் குறைந்தது, தலையில் ஏன் கூடியது? அவசர சிகிச்சைப் பிரிவில் தேவையற்ற ஸ்கேன்கள்

கேள்வி இது: "தலையில் லேசாக அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் உடனே சி.டி. ஸ்கேன் எழுதிவிடுகிறார்கள். யாருக்கு ஸ்கேன் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சொல்லும் மருத்துவ விதிகள் இருப்பதாகப் படித்தேன். அப்படியிருந்தும் ஏன் குறையவில்லை? குறைக்க வழி உண்டா?"

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். குறைக்க வழி உண்டு. நல்ல விதிகளும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆனால் விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதால் மட்டும் ஒரு ஸ்கேன்கூடக் குறைவதில்லை. ஸ்கேன் வேண்டாம் என்று முடிவெடுக்கும் மருத்துவரையும், அதை நம்பி வீட்டுக்குப் போகும் நோயாளியையும் மருத்துவமனை தனியே விட்டுவிடாத இடங்களில்தான் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. கனடாவில் ஒரே ஆய்வுக் குழு, ஏறக்குறைய ஒரே முறையில், இரண்டு விதிகளை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்திப் பார்த்தது. ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த இரண்டு முயற்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கிறது.

தொடக்கம் கணுக்காலில். ஒட்டாவா நகரின் அவசர மருத்துவர் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 1992-இல் ஒரு சிறிய விதியை வெளியிட்டார்கள். கால் புரண்டு வந்த ஏறக்குறைய எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட காலம் அது. எலும்பு முறிந்திருந்ததோ 15 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. விதி சொல்வது இதுதான்: கணுக்காலில் வலியோடு வருகிறவருக்கு வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலித்தாலும், உள்கணுவில் அதே இடங்கள் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றுமே இல்லையென்றால் வேண்டாம். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதேபோல் ஒரு சிறு விதி உண்டு.

படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். செய்யும்போதுதான் அதன் நுட்பம் தெரியும். கால் புரண்டவர்கள் பெரும்பாலும் கணுவுக்குக் கீழே, சற்று முன்னால், வீங்கியிருக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே இருப்பது தசைநார். சுளுக்கில் கிழிவது அதுதான். அந்த இடத்தை அழுத்தினால் யாருக்கும் வலிக்கும். எலும்பைப் பற்றி அந்த வலி ஒன்றும் சொல்லாது. மருத்துவரின் விரல் போக வேண்டியது கணுவின் பின்பக்கம். நுனியில் தொடங்கி மேல்நோக்கி 6 செ.மீ. தூரம் எலும்பின் பின்விளிம்பை அழுத்திக்கொண்டே போக வேண்டும், கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். பிறகு நடக்கச் சொல்ல வேண்டும். நொண்டினாலும் சரி, ஒவ்வொரு காலும் இருமுறை உடல் எடையைத் தாங்கினால் அது நான்கு அடி. மொத்தமே இரண்டு நிமிட வேலை, ஆனால் தொட்டுப் பார்க்காமல் செய்ய முடியாத வேலை.

இந்த விதியை ஒரு மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தி 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். கணுக்கால் எக்ஸ்ரே 28 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு முறியாதவர்களில், எக்ஸ்ரே இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் சராசரியாக 80 நிமிடத்தில் வீடு திரும்பினார்கள்; எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கு 116 நிமிடம் ஆனது. சிகிச்சையில் மனநிறைவு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "எக்ஸ்ரே எடுக்காவிட்டால் நோயாளி ஏற்றுக்கொள்ள மாட்டார்" என்று மருத்துவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும். தொட்டுப் பார்த்து, நடக்கவைத்து, ஏன் வேண்டாம் என்று விளக்கினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்து அதே குழு கழுத்தையும் தலையையும் எடுத்துக்கொண்டது. இரண்டு விதிகளும் 2001-இல் வெளியாயின.

கழுத்து விதி 8,924 நோயாளிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், ஆபத்தான முறையில் அடிபட்டவர்கள், கை கால்களில் மதமதப்பு உள்ளவர்கள் ஆகியோருக்குப் படம் எடுத்தே ஆக வேண்டும். மற்றவர்களிடம் ஆபத்து குறைவு என்பதற்கான அடையாளம் ஒன்று தேடப்படும்: எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா, விபத்துக்குப் பின் எப்போதாவது நடந்தாரா, வலி உடனே வராமல் பிறகு வந்ததா என்பன போல. ஒன்று இருந்தாலும் போதும், அவரையே கழுத்தை இடமும் வலமும் 45 பாகை திருப்பச் சொல்லலாம். திருப்பிவிட்டால் படம் தேவையில்லை.

தலை விதி கனடாவின் 10 மருத்துவமனைகளில் 3,121 பேரைக் கொண்டு உருவானது. அடிபட்டுச் சற்று நேரம் நினைவு தப்பியவர்கள், நடந்ததை மறந்தவர்கள், குழம்பிப் பேசியவர்கள், ஆனால் மருத்துவமனைக்கு வரும்போது ஓரளவு தெளிவாக இருப்பவர்கள் ஆகியோருக்கானது இது. அடிபட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் முழுத் தெளிவு வராமை, மண்டையோடு உடைந்திருக்கும் என்ற சந்தேகம், மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததற்கான அறிகுறி, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, 65 வயதோ அதற்கு மேலோ என ஐந்து பெரிய ஆபத்துக் குறிகள். அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ மறந்துபோதல், ஆபத்தான முறையில் அடிபடுதல் (வாகனம் மோதிய பாதசாரி, வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவர், மூன்று அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தவர் போல) என இன்னும் இரண்டு குறிகள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், வலிப்பு வந்தவர்கள், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆகியோர் இந்த விதிக்குள் வரமாட்டார்கள்.

விதி எவ்வளவு நம்பகமானது? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் விதியோடு அதை ஒப்பிட்டு 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சை தேவைப்பட்ட ஒருவரைக்கூட இரு விதிகளும் தவறவிடவில்லை. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் விதிப்படி போனால் 88 சதவீதம் பேருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். கனடா விதிப்படி 52 சதவீதம் போதும். காறை எலும்புக்கு (கழுத்தின் அடியில் தோளையும் மார்பையும் இணைக்கும் எலும்பு) மேலே கண்ணுக்குத் தெரியும் காயம் எது இருந்தாலும் ஸ்கேன் என்கிறது நியூ ஆர்லியன்ஸ் விதி. தலையில் அடிபட்டு வருகிறவர்களில் அப்படிக் காயம் இல்லாதவர் எத்தனை பேர்?

இனிதான் முக்கியமான பகுதி. இரண்டு விதிகளையும் தலா 12 கனடிய மருத்துவமனைகளில் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் சில மருத்துவமனைகள் விதியை நடைமுறைப்படுத்தும், மற்றவை வழக்கம்போல் நடக்கும். விதி வந்த இடங்களில் பயிற்சி வகுப்பு, நிர்வாகத்தின் கொள்கை அறிவிப்பு, படம் கேட்டு எழுதும் சீட்டிலேயே நினைவூட்டல் என எல்லாம் செய்தார்கள். கழுத்து ஆய்வு 2009-இல் வெளியானது. விதி வந்த மருத்துவமனைகளில் படம் எடுப்பது 61.7 சதவீதத்திலிருந்து 53.3 சதவீதமாக இறங்கியது. மற்ற மருத்துவமனைகளில் அதே காலத்தில் 52.8-லிருந்து 58.9-ஆக ஏறியது. ஒரு முறிவும் தவறவிடப்படவில்லை.

தலை ஆய்வு 2010-இல் வந்தது. விதி வந்த மருத்துவமனைகளில் சி.டி. எடுப்பது 62.8 சதவீதத்திலிருந்து 76.2 சதவீதமாகக் கூடியது. விதி வராத இடங்களிலும் கூடியது, 67.5-லிருந்து 74.1 வரை. விதியை உருவாக்கியவர்களே, அது பிறந்த நாட்டிலேயே, முழு ஏற்பாட்டோடு முயன்றும் இந்த முடிவு. அவர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டதற்காக எனக்கு அவர்கள் மேல் பெரிய மதிப்பு உண்டு.

ஏன் இப்படி என்பதற்கு நான் தரும் விளக்கம் என் பணி அனுபவத்திலிருந்து வருவது. கழுத்தில் காலர் மாட்டி, தட்டையான பலகையில் கட்டி வைக்கப்பட்டவரை நினைத்துப் பாருங்கள். அவர் மேற்கூரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. சிறுநீர் கழிக்கக்கூட எழ முடியாது. பின்மண்டை வலிக்கிறது. எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விதியைப் பயன்படுத்தினால் அவருக்கு அந்த நிமிடமே விடுதலை. செவிலியருக்கு ஒரு வேலை குறைகிறது, பிரிவில் ஒரு படுக்கை காலியாகிறது. அதோடு, கடைசிச் சோதனை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது: அவர் தானே கழுத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டுகிறார். அதைப் பார்த்த மருத்துவருக்கும், திருப்பிய நோயாளிக்கும், பக்கத்தில் நிற்கும் உறவினருக்கும் ஒரே சமயத்தில் நம்பிக்கை வருகிறது. பிறகு கனடாவில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இந்த விதிப்படி காலரைக் கழற்றத் தொடங்கியதில் வியப்பில்லை.

தலையில் இப்படி எதுவும் கிடையாது. ஸ்கேன் எடுக்காததால் யாருக்கும் அந்த நேரத்தில் நிம்மதி வருவதில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்து சில மணி நேரம் கழித்து மயங்கியவரைப் பற்றி ஒவ்வொரு மருத்துவரும் கேள்விப்பட்டிருக்கிறார். நோயாளியின் அண்ணனும் கேள்விப்பட்டிருக்கிறார். ஸ்கேன் அறையோ நாலு எட்டில் இருக்கிறது, படம் நிமிடங்களில் வந்துவிடும். கூட்டம் நிறைந்த இரவில், நோயாளியை நான்கு மணி நேரம் படுக்கவைத்துப் பார்ப்பதைவிட ஸ்கேனுக்கு அனுப்பி முடிவெடுப்பது மருத்துவமனைக்கு எளிது. விதி "ஆபத்து மிக மிகக் குறைவு" என்கிறது. மிச்சமிருக்கும் அந்தச் சிறு ஐயத்தை யார் சுமப்பது? விதி அதை முழுக்க ஒரு தனி மருத்துவரின் தோளில், அதுவும் பெரும்பாலும் பணிக்கு வந்து சில மாதமே ஆன இளையவரின் தோளில் வைத்தது. அவர் அதை ஸ்கேன் கருவியின் மேல் இறக்கி வைத்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே தலை விதி வேறோர் இடத்தில் பலன் தந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே அமைப்பின் 13 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதை நடைமுறைப்படுத்திய முடிவுகள் 2018-இல் வெளியாயின. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களின் விகிதம் 5 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்தது. எடுத்த ஸ்கேன்களில் உண்மையான காயம் தென்பட்ட விகிதமோ சற்றுக் கூடியது. விதியைக் கணினியில் ஸ்கேன் எழுதும் இடத்திலேயே வைத்தார்கள், ஒவ்வொரு பிரிவிலும் மருத்துவர்களே அதை முன்னின்று நடத்தினார்கள். காப்பீடும் மருத்துவமனையும் மருத்துவரும் ஒரே அமைப்புக்குள் இருப்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஸ்கேன் கூடினால் அங்கே யாருக்கும் வருமானம் கூடுவதில்லை. நோயாளி மறுநாள் அதே அமைப்பின் மருத்துவரைப் பார்க்கலாம்.

"எடுத்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தலைக்கு ஒரு சி.டி. என்றால் ஏறக்குறைய 2 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு. இயற்கையிலிருந்து ஓராண்டில் நமக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி. என்றால் 8 முதல் 10 வரை போகும். அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு ஒருமுறை இது பெரிய விஷயமில்லை, அவசியம் இருந்தால் தயங்கவே கூடாது. குழந்தைகளின் கணக்கு வேறு. பிரிட்டனில் இளம் வயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எடுக்கப்படும் 10,000 தலை சி.டி.களுக்கு, முதல் ஸ்கேனைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வருகின்றன. தனி ஒரு குழந்தைக்கு இது சிறு ஆபத்துதான். லட்சக்கணக்கில் எடுக்கும்போது சிறு ஆபத்தும் உண்மையான குழந்தைகளாக மாறுகிறது.

கதிர்வீச்சைவிட நான் அதிகம் கவலைப்படுவது, தேடாமல் கிடைக்கும் கண்டுபிடிப்புகளைப் பற்றித்தான். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. 1998 வாக்கில் அமெரிக்காவில் பரவியது. அடுத்த எட்டு ஆண்டுகளில் இந்த நோய் கண்டறியப்பட்டவர்கள் லட்சம் பேருக்கு 62-லிருந்து 112-ஆக உயர்ந்தார்கள். இந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. அதாவது, கூடுதலாகக் கண்டறியப்பட்டவற்றில் பல, தாமாகவே கரைந்து போயிருக்கக்கூடிய சிறு கட்டிகள். அவற்றுக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. அதனால் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களும் உண்டு. இதற்கும் படுக்கை அருகிலேயே கேட்டுத் தீர்மானிக்கும் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு விதி இருக்கிறது. பிரான்சில் 14 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஆபத்து குறைந்தவர்களிடம் அதைப் பயன்படுத்தியபோது இந்த சி.டி. 23 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாக இறங்கியது. பாதுகாப்புக்குக் குந்தகம் வரவில்லை. 2018-இல் வெளியான ஆய்வு அது.

சிறுநீரகக் கல் வலிக்கும் இதே நிலைதான். அமெரிக்காவின் 15 மையங்களில் 2,759 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், முதலில் அல்ட்ராசவுண்ட் செய்தவர்களுக்கும் முதலில் சி.டி. செய்தவர்களுக்கும் ஆபத்தான விளைவுகளில் வேறுபாடு இல்லை. முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்லும் எண் ஒன்று உண்டு: முதுகில் வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலும் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளில் தேய்மானம் தெரிகிறது, எண்பது வயதில் அது 96 சதவீதம். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

குழந்தைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் பெற்றோரின் தவிப்பு அங்கேதான் அதிகம். வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தலையில் அடிபட்ட 42,412 பிள்ளைகளை வைத்து உருவான விதி 2009-இல் வெளியானது. அவர்களில் கவலைக்குரிய மூளைக் காயம் இருந்தது 0.9 சதவீதத்தினருக்கு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆறு குறிகளைப் பார்க்கச் சொல்கிறது அது: மந்தமாகவோ எரிச்சலாகவோ இருத்தல், நெற்றியைத் தவிர மண்டையின் மற்ற இடங்களில் புடைப்பு, ஐந்து நொடியோ அதற்கு மேலோ நினைவு தப்புதல், மூன்று அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுதல் போன்ற பலத்த அடி, தொட்டால் தெரியும் முறிவு, பெற்றோர் பார்வையில் குழந்தை வழக்கம்போல் இல்லாமை. ஆறும் இல்லையென்றால் ஆபத்து 0.02 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு புடைத்திருப்பதைப் பார்த்துத்தான் வீடே பதறும். வேறு குறிகள் இல்லாதபோது அந்த நெற்றிப் புடைப்பு ஆபத்துக் குறியே இல்லை. காதுக்கு மேலே தலைமுடிக்குள் மெத்தென்று இருக்கும் சிறு புடைப்புதான் எங்களைக் கவலைப்படவைக்கும். அடுத்தது, தாயின் சொல். "இவள் எப்போதும்போல் இல்லை டாக்டர்" என்று தாய் சொன்னால் அது விதியிலேயே ஒரு குறி. மருத்துவர் அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

இந்த விதி இன்னொன்றும் செய்கிறது. ஆபத்து நடுத்தரமாக உள்ள பிள்ளைகளுக்கு ஸ்கேன் அல்லது சில மணி நேரக் கண்காணிப்பு என்று இரண்டு வழிகளைத் தருகிறது. குழந்தை விளையாடத் தொடங்குகிறது, பால் குடிக்கிறது, வாந்தி நிற்கிறது, ஸ்கேன் தேவை போய்விடுகிறது. தலைக்கு இல்லை என்று சொன்னேனே அந்தக் கண்ணுக்குத் தெரியும் சோதனை, அதை நேரம் தருகிறது. ஆனால் அதற்குப் படுக்கையும், மணிக்கொருமுறை பார்க்க ஒரு செவிலியரும் வேண்டும். தேவையற்ற ஸ்கேனைக் குறைக்க விரும்பும் மருத்துவமனை முதலில் செலவிட வேண்டியது இந்தக் கண்காணிப்பு இடத்துக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. சுவரொட்டியும் பயிற்சி வகுப்பும் அதற்கு அப்புறம்.

நம் ஊருக்கு இவற்றை அப்படியே கொண்டுவர முடியுமா? ஒரு திருத்தம் வேண்டும். கனடா விதியின் "ஆபத்தான முறை" என்ற பட்டியல் கார் ஓடும் சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஓடும் இருசக்கர வாகனத்திலிருந்து, அதுவும் ஹெல்மெட் இல்லாமல், விழுந்தவரை நான் வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவராகவே கருதுவேன். அவர் ஸ்கேன் பக்கம்தான். குடித்திருப்பவர் இரண்டு மணி நேரம் கழித்தும் முழுத் தெளிவுக்கு வரவில்லையென்றால் விதிப்படியே ஸ்கேன் தேவை. போதைதான் காரணம் என்று விடியும்வரை காத்திருப்பது உயிரைப் பறிக்கும்.

மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத காரணங்களும் இங்கே உண்டு. அடிதடி வழக்கில் எலும்போ பல்லோ முறிந்திருந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். வழக்கின் எடையே மாறிவிடும். அதனால் மூக்குக்கும் விரலுக்கும் விலாவுக்கும் படம் கேட்டுக் காவல் நிலையத்திலிருந்தும் அழுத்தம் வரும், உறவினரிடமிருந்தும் வரும். அந்தப் படங்களில் பல சிகிச்சையை இம்மியளவும் மாற்றுவதில்லை. மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிகளுக்குத் தேவையான பாதுகாப்பு அது. ஆனால் எடுக்காத ஸ்கேனுக்குத்தான் கேள்வி வரும், எடுத்த ஸ்கேனுக்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் ஊறிவிட்டது. ஸ்கேன் மையங்கள் அனுப்பும் மருத்துவருக்குக் கமிஷன் தருவது மருத்துவ நெறிமுறைகளில் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் நடக்கிறது. அது நடக்கும் இடத்தில் எந்த விதியும் வேலை செய்யாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

எளிதில் தவிர்க்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன்: மேல் சிகிச்சைக்கு மாற்றும்போது மறுபடி எடுக்கப்படும் ஸ்கேன். சிறிய ஊரில் எடுத்த சி.டி. நோயாளியோடு வராது, வந்தாலும் திறக்க முடியாத குறுந்தகடாக வரும், அல்லது தாளில் அச்சடித்த நான்கு படங்களாக வரும். பெரிய மருத்துவமனையில் திரும்பவும் எடுப்பார்கள். நோயாளியின் நிலை மாறியதற்காக மறுபடி எடுப்பது வேறு. படம் கைக்கு வராததற்காக எடுப்பது வீண். படங்களை மின்வழியில் அனுப்பும் ஏற்பாடு இருந்தால் இது ஒரே நாளில் குறையும்.

மருத்துவமனைக்குள் என்ன செய்தால் பலிக்கும்? பணியிலிருக்கும் இளைய மருத்துவர் இரவிலும் அழைத்துப் பேச ஒரு மூத்தவர் வேண்டும். விதிப்படி ஸ்கேன் வேண்டாம் என்று முடிவெடுத்து, காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதியவருக்குப் பின்னாளில் ஏதும் ஆனால் நிர்வாகம் அவர் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். ஸ்கேன் எழுதும் சீட்டில் "இந்தப் படம் எந்த முடிவை மாற்றும்?" என்று ஒரு வரி இருந்தால் எழுதுகிறவரின் கை ஒரு கணம் நிற்கும். ஸ்கேன் எடுக்காமல் அனுப்பியவரை மறுநாள் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஒருவர் இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். நோயாளிக்கு அது ஆறுதல். மருத்துவருக்கோ, தன் முடிவு சரியாக இருந்தது என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழி. ஸ்கேன் எடுக்காமல் தவறவிட்டதுதான் திரும்பி வந்து சொல்லும். தவிர்த்த ஸ்கேன் சரியாக இருந்தால் யாரும் வந்து சொல்வதில்லை.

நோயாளியாகவோ உறவினராகவோ நீங்கள் செய்யக்கூடியது: ஸ்கேனை மறுக்காதீர்கள், கேளுங்கள். "இவருக்கு எந்தக் குறியைப் பார்த்து ஸ்கேன் வேண்டும் என்கிறீர்கள்? சில மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்த்தால் போதுமா? எடுக்காமல் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?" இவற்றுக்கு நல்ல மருத்துவர் எரிச்சலில்லாமல் பதில் சொல்வார். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவர், 65 வயதைத் தாண்டியவர், வலிப்பு வந்தவர், கை கால் விழுந்துபோனவர், பேச்சு குழறுகிறவர் என்றால் இந்தக் கேள்விகளுக்கு நேரமில்லை, உடனே எடுக்க விடுங்கள்.

ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் வாய்ச்சொல்லோடு வராதீர்கள், எழுதி வாங்குங்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழம்பிய பேச்சு, தள்ளாடும் நடை, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பிவர வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். இரவில் அழைக்க ஓர் எண்ணும் இருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் அவரோடு ஒருவர் இருக்கட்டும். அடிபட்டவர் தூங்கவே கூடாது என்று விடியவிடிய உட்காரவைத்திருப்பது பல வீடுகளில் வழக்கம். அதற்குத் தேவையில்லை, தூங்கலாம். இடையில் எழுப்பினால் எழுந்து, பெயரையும் இடத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கினால் போதும். எழுப்பியும் எழவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள், அப்போது அவருக்கு ஸ்கேன் கட்டாயம் தேவை.